ஞாயிற்றுக்கிழமை அப்பா

ஆகஸ்ட் 30, புதன்

இன்று பாளையங்கோட்டையில் என் மகள் இசக்கியின் புது வீட்டுப் பால்காய்ச்சு. அங்கே இருந்தவர்கள் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தர் வந்து, நான் அந்த இடத்தில் இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

நான். என் மகன் பொன்னுலிங்கம், தூத்துக்குடியில் உப்புக் கம்பெனி மேனேஜர். அவன் பெண்டாட்டி வடிவு. அவர்களுடைய ஒரே மகள் நித்திலா, பதிமூன்று வயது. வீட்டுக்காரி இசக்கி. அவள் புருஷன் நயினார். அவர்கள் மகன் கபிலேஷ், பத்தாவது படிக்கிறான். வடிவின் அண்ணன் சுடலைமணி, சரியாகக் கூப்பிடாமலே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தவர். நயினாரின் அக்காள் பார்வதி. இசக்கி கல்யாணத்தில் நாங்கள் வைத்த சீர்த்தட்டில் பழம் அழுகல் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவள். அந்தப் பழம் எந்தத் தட்டில் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. அது அழுகல் இல்லை. ஹோமம் வளர்த்த ஐயர். சமையல்காரர் கோலப்பனும் அவர் கூட்டி வந்த ஆட்களும். இவ்வளவு பேர்தான்.

பால் நல்லபடியாகக் கிழக்கே பார்த்துப் பொங்கியது. இரண்டாம் பந்தி நடக்கும்போது பொன்னுலிங்கம் நித்திலாவைக் கூப்பிட்டான். பார்வதியிடம் பரீட்சை மார்க்கைச் சொல்ல வேண்டுமாம். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பிள்ளையைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்திப் பாடம் பாடமாக மார்க்கைச் சொல்ல வைப்பது அவன் வழக்கம். பிள்ளையைக் காணவில்லை. வடிவு அடுப்படியில் தேடினாள். நான் மூட்டுவலியோடு மாடிப்படி ஏறினேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தாள். பட்டுப்பாவாடை முழுக்க வாந்தி. கபிலேஷ் அவள் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். வெயிலில் மயங்கிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் குனிந்தபோது வாடை வந்தது.

எனக்குத் தெரிந்த வாடை. அதோடு குடித்தனம் நடத்தி, அதற்கே புருஷனைக் கொடுத்தவள் நான். ஆனால் அது எட்டாம் வகுப்புப் பிள்ளை வாயிலிருந்து வந்தபோது என் மூக்கை நான் நம்பவில்லை. இரண்டாம் தரம் குனிந்து முகர்ந்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆச்சி, மாமாவைக் கூப்பிடாதீய. எங்கம்மாவ மட்டும் கூப்பிடுங்க" என்றான் கபிலேஷ்.

அதற்குள் பொன்னுலிங்கம் படியில் வந்துவிட்டான். மகளைப் பார்த்தான், குனிந்தான், நிமிர்ந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கபிலேஷைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி அடித்தான். முகத்தில், தலையில், கீழே விழுந்த பிறகு முதுகில். நயினார் ஓடி வந்து பிடிக்கிற வரைக்கும் அடித்தான். அந்தப் பையன் கையை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டானே தவிர, நான் இல்லை மாமா என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாததால் அவன்தான் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. எனக்கும்தான்.

நயினார் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பிள்ளையின் வயதை இரண்டு தரம் கேட்டார். வெறும் வயிற்றில் மது நிறையப் போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார். வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பெற்றவள் அழாதது எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 31, வியாழன்

பிள்ளை கண் விழித்தாள். எலுமிச்சம்பழச் சாறு கேட்டாள். குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொன்னுலிங்கம் வராண்டாவில் இசக்கியைப் பார்த்து, இனி ஒனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டான். கபிலேஷின் உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது.

பார்வதி அதற்குள் ஊர் பூராவும் போன் போட்டுவிட்டாள். முறைப்பையன் முறைப்பெண்ணுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டான் என்று. பிள்ளை பெயர் இனி எத்தனை வாயில் கிடந்து அடிபடுமோ.

செப்டம்பர் 1, வெள்ளி

தூத்துக்குடிக்கு வந்துவிட்டோம். வந்ததும் வீடு கழுவினேன். பூஜை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நயினார் பிள்ளை வளர்க்கிற லட்சணம் சரியில்லை என்று நான் அன்றைக்கே சொன்னேன். நயினார் வீட்டு ஃபிரிட்ஜில் பீர் பாட்டில் பாலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். போன வருஷம் கபிலேஷுக்குப் பதினாலு முடிந்த அன்று அந்த மனுஷன் ஒரு வாய் அவனுக்கே கொடுத்தார். கேட்டதற்கு, "வீட்டுலயே ருசி பாத்துட்டாம்னா வெளிய போய்த் தேட மாட்டான் அத்தை, நாங்க ரெண்டு பேரும் ஃபிரண்ட்ஸ்லா" என்று சிரித்தார். மகனுக்கு அப்பன் சிநேகிதனாக இருந்தால் அப்பனாக யார் இருப்பது? ஆறு மாதம் அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

என் மகன் வளர்ப்பு அப்படி இல்லை. அவனை நான் புளிய விளாறால் வளர்த்தேன். அவன் அப்பா போன வழியில் இவன் போய்விடக்கூடாது என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிச் சொல்லி அடித்தேன். போகவில்லை. தன் மகளையும் அப்படித்தான் வளர்க்கிறான். ஹாலில் கேமரா இருக்கிறது, கம்பெனியில் இருந்தே வீட்டைப் பார்ப்பான். பிள்ளை கையில் போன் கிடையாது. ஒரு மார்க் குறைந்தாலும் அன்று ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். எதிர்த்து ஒரு சொல் வந்தது இல்லை. அவன் பைக் சத்தம் கேட்டாலே வீடு அடங்கிவிடும்.

இந்த வீட்டில் அந்த வாடையே கிடையாது. என் டிரங்குப் பெட்டியில் இருக்கிற மருந்துப் பிராந்தியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஆடிக்காற்றில் எனக்கு நெஞ்சுச்சளி கட்டும்போது வெந்நீரில் ஒரு ஸ்பூன் விடுவதற்கு. நித்திலாவுக்கு மாதாமாதம் வயிற்றுவலி வந்து சுருண்டு கிடக்கும்போது தேனில் குழைத்து அரை ஸ்பூன் கொடுப்பேன். அது வைத்தியம். எனக்குப் பிள்ளை பிறந்தபோது என் அம்மாவும் கொடுத்தாள். அதை வாங்கப் போகும்போது பொன்னுலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டான். கடைக்காரனுக்குக்கூட முகம் தெரியக்கூடாதாம். அவ்வளவு மானஸ்தன்.

இந்த வருஷத்துப் பிராந்தியில் காரமே இல்லை. எல்லாவற்றிலும் கலப்படம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. ரசமும் துவையலும்.

மற்ற ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வீடே வேறு. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டதும் வடிவு தையல் கிளாசுக்குப் போய்விடுவாள். எனக்குக் கண் சொருகும். அப்பனும் மகளும் உள் அறையில் கேரம் போர்டு விரிப்பார்கள். தூக்கத்திலேயே அவர்கள் சிரிப்புக் கேட்கும். ஆறு நாள் கண்டிப்பு, ஏழாம் நாள் விளையாட்டு. எந்த அப்பனுக்கு வரும் அந்தக் கணக்கு என்று பார்வதியிடமே நான் பெருமை பேசியிருக்கிறேன்.

இன்றைக்குக் கேரம் போர்டு கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது. பொன்னுலிங்கத்துக்குக் காய்ச்சல் போல. கை நடுங்குகிறது, வியர்க்கிறது. குழாய் சொட்டுவதற்கெல்லாம் கத்தினான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பல்வலி என்று கிராம்பை மென்றுகொண்டே இருப்பான். இன்று பல்வலி இல்லை போலிருக்கிறது, கிராம்பு கேட்கவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

மூட்டுக்குத் தைலம் எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். பிராந்திப் பாட்டிலைக் காணவில்லை.

எடுத்தது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சுடலைமணி. போன மாதம் வந்து ஒரு ராத்திரி தங்கினாரே, என் பெட்டி இருக்கிற அறையில்தானே படுத்தார். அடுப்படிக்குப் போய் வடிவிடம் நேராகவே கேட்டேன், ஒங்க அண்ணன் கை வைக்காத எடம் இந்த வீட்டில் பாக்கி இருக்கா என்று. இந்த மாதிரிச் சொன்னால் அவள் முகம் தூக்கி இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். இன்றைக்கு முகம் தூக்கவில்லை. ஹாலில் இருக்கிற கேமராவை எட்டிப் பார்த்தாள். குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, ஒங்க கால்ல வேணாலும் விழுதேன். அந்தப் பாட்டிலைப் பத்தி இனி யார்ட்டயும் பேசாதீய."

ஏன் என்று கேட்டேன். திரும்பக் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டினாள். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டிருந்தாள். அண்ணனைக் காப்பாற்றுகிறாள், வேறென்ன.

செப்டம்பர் 7, வியாழன்

நித்திலாவை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறான். பதினாலாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். வருஷத்துக்கு இரண்டு தரம்தான் வீட்டுக்கு விடுவார்கள், வெளி வாசலில் எப்போதும் பூட்டு. போனில் அவர்களிடம் பேசும்போது, எவ்வளவு கண்டிப்பு உண்டோ அவ்வளவும் வேணும் சார் என்றான். பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தாள். அவள் இப்படியே அங்கே போனால் என்ன ஆவாள்? பதிமூன்று வயதில் மூச்சு நிற்கிற அளவுக்குக் குடித்தவளைப் பூட்டு நிறுத்துமா?

இசக்கி போன் செய்தாள். எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஜூன் மாதம் கபிலேஷ் அப்பாவின் பீரை எடுத்துப்போய்க் கூட்டாளிகளோடு குடித்தானாம், இரண்டு தரம். அவனே வந்து அம்மாவிடம் சொன்னானாம். இவள் ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலையெல்லாம் நயினார் கண் முன்னால் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். மகனுக்கு ஒரு மாதம் கிரிக்கெட் கிடையாது, எங்கே போகிறான் யாரோடு போகிறான் என்று தினம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அடிக்கவில்லையாம்.

பார்த்தாயா, குடித்திருக்கிறான் என்றேன்.

"குடிச்சான்மா. அதச் சொல்லிட்டான். நித்திக்கு நான் குடுக்கலன்னும் சொல்லுதான். அப்ப யாருலன்னு கேட்டா, அத நான் சொல்லக்கூடாது, அவளே சொல்லணுங்கான்."

பெற்றவளுக்கு மகன் சொல்வதெல்லாம் வேதம் என்றேன்.

"எம் மவன் பொய் சொன்னாலும் ரெண்டு நாள்ல அவனே வந்து திருத்திருவான். நீ அடிச்சு வளத்தியே, அண்ணன் என்னைக்காவது ஒரு தப்பை ஒங்கிட்ட வந்து சொல்லிருக்கானாம்மா?"

வைத்துவிட்டேன். அவனுக்குத் தப்பு இருந்தால்தானே சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கையில் எண்ணெய் போகவில்லை. தாளெல்லாம் கறையாகிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

வடிவு தையல் கிளாசுக்குப் போயிருந்தாள். பொன்னுலிங்கம் ஹாஸ்டலுக்குப் பக்கெட், மெத்தை வாங்கக் கடைக்குப் போயிருந்தான். நித்திலாவைப் பின்கட்டில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தேன். அங்கே கேமரா இல்லை. ஹாஸ்டலில் முடியை ஒட்ட வெட்டிவிடுவார்களாம். அதைச் சொல்லி நான்தான் அழுதேன். பிள்ளை அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சி, கபிலேஷ் அத்தானுக்குத் தையல் பிரிச்சாச்சா?" என்றாள்.

அந்த நாய்க்கு என்ன, அவனால்தானே இத்தனையும் என்றேன்.

"அத்தான் குடுக்கல. ஒங்க பெட்டியில இருந்து நாந்தான் எடுத்தேன். தண்ணிப் பாட்டில்ல ஊத்திக் கொண்டு வந்தேன். அத்தான் பாத்துட்டுக் கீழ கொட்டிருன்னான். நான் கொட்டல."

சீப்பு முடியில் சிக்கி நின்றது. எப்போதிருந்து என்று கேட்டேன். பங்குனிப் பரீட்சையில் இருந்தாம். கணக்குப் பேப்பர் கொடுக்கிற அன்றைக்கெல்லாம் மூடியில் ஒரு மூடி. பிறகு இரண்டு. பால்காய்ச்சுக்கு முன்னால் வந்த பேப்பரில் கணக்கு ஃபெயில், அப்பாவிடம் சொல்லவில்லை, அதைப் பார்வதியிடம் நின்று சொல்ல வேண்டும் என்று தெரியும். அதனால் பாட்டில் பாதிவரை.

இந்தப் பழக்கம் யாரைப் பார்த்து வந்தது, பள்ளிக்கூடத்தில் எந்தச் சிறுக்கி சொல்லிக் கொடுத்தாள் என்று கேட்டேன். பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு உண்மையிலேயே தெரியாதா என்று பார்க்கிற பார்வை.

"ஞாயித்துக்கெழம நீங்க தூங்குனப்புறம் அப்பா ஒங்க பெட்டியத் தொறப்பாரு ஆச்சி."

முடியில் சிக்கிய சீப்பை விடுவித்தேன்.

"சில்வர் டம்ளர்ல ஊத்தி கோலா கலந்துக்கிடுவாரு. எடுத்த அளவுக்குப் பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சிருவாரு. ஒருநா நான் கதவுகிட்ட நின்னுட்டேன். அடிப்பாருன்னு நெனச்சேன். சிரிச்சாரு. பல்லுவலி மருந்துட்டி, வா கேரம் ஆடலாம்னாரு. அன்னைக்கு நான் செவப்புக் காய் போட்டேன். முதுகுல தட்டிக் குடுத்தாரு."

பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மத்த நாளு அப்பா கை எம் மேல பட்டதெல்லாம் அடிக்கத்தான். அதக் குடிச்சா மட்டும் அப்பா நல்ல அப்பா ஆயிருதாரு. அப்ப அதுல என்னமோ இருக்குன்னு நெனச்சேன். அவருக்குக் கோவம் போவுதுல்லா, எனக்குப் பயம் போவும்னு நெனச்சேன்."

பாட்டிலை எடுத்துப் போனது சுடலைமணி இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்குப் பொன்னுலிங்கமே எடுத்துப் போய் எங்கேயோ போட்டுவிட்டானாம், பிள்ளை பார்த்திருக்கிறாள். வடிவுக்கு எல்லாம் தெரியும். ஞாயிறு மத்தியானத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்றுதான் அவள் தையல் கிளாசுக்கே போகிறாளாம்.

என் கை எண்ணெயோடு அந்தரத்தில் நின்றது. வாயில் வந்தது ஒன்றுதான். "இத யார்ட்டயும் சொல்லாதட்டி."

"அதத்தான் ஆச்சி எல்லாரும் சொல்லுதீங்க" என்றாள். பிறகு முன்னால் திரும்பி உட்கார்ந்து, பின்னலைப் போடச் சொன்னாள்.

செப்டம்பர் 11, திங்கள்

அவனுக்குச் சோறு போட்டேன். அவன் அப்பாவைப் போலவே நுனிவிரலால் பிசைந்து சாப்பிடுகிறான். நேற்று வரைக்கும் இதை நான் பார்த்ததே இல்லை.

மாவு புளித்துப் போயிற்று.

செப்டம்பர் 12, செவ்வாய்

நாளைக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் திரும்பக் காட்ட வேண்டும். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா, இரண்டு வீட்டு ஆட்களையும் வரச் சொல்லியிருக்கிறாராம். பொன்னுலிங்கம் ஒத்துக்கொண்டான். கபிலேஷ் வாயால் எல்லோர் முன்னாலும் உண்மை வரட்டும், அது முடிந்து நாமக்கல்லுக்கு வண்டி ஏறலாம் என்றான். உண்மை என்ற சொல்லை அவன் சொல்லும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டு நாளாக அவன் தனியாக இருக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் போகிறேன். கேட்டுவிடலாம் என்று போவேன், தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பெட்டி கட்டியாகிவிட்டது.

செப்டம்பர் 13, புதன்

டாக்டரம்மா சின்ன வயசுதான். என்னைக் காற்றாடிக்கு நேராக உட்கார வைத்தார். நித்திலா வடிவுக்குப் பக்கத்தில். எதிரே இசக்கி, நயினார், உதட்டில் தழும்போடு கபிலேஷ். பொன்னுலிங்கம் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், நேரமாகிவிட்டது என்கிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

யார் செய்தது என்று அந்தம்மா கேட்கவே இல்லை. பிள்ளை தப்புச் செய்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நயினார், "முன்னல்லாம் ஒண்ணும் நடக்காது டாக்டர். இப்ப எம் பொண்டாட்டி ராஜ்ஜியம். ஃபிரிட்ஜ்ல மோர்தான் இருக்கு" என்றார். சிரித்தது கபிலேஷ் மட்டும். இசக்கி, ஜூன் மாதம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். வடிவு தன் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பொன்னுலிங்கம், எங்க வீட்டுல தப்பு நடக்காது, நடக்க விடமாட்டேன் என்றான்.

டாக்டரம்மா நித்திலாவிடம், அந்த ருசி முதன்முதலில் எப்போது தெரிந்தது என்று மெதுவாகக் கேட்டார். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஞாபகம் இல்லை டாக்டர் என்றாள். அந்தக் கேள்வியை எதற்காகக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு அவர் பொன்னுலிங்கத்திடம் திரும்பி, வீட்டில் யாருக்காவது பழக்கம் உண்டா என்றார்.

"அந்த வாசனையே கிடையாது டாக்டர். எங்கப்பா குடிச்சே செத்தவர். அதனால எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. இந்தப் பையனைக் கேளுங்க."

கபிலேஷ் தலையைக் குனிந்தான். நித்திலாவும் குனிந்தாள். அவள் கட்டைவிரல் நகம் இன்னொரு விரலைக் கிள்ளிக் கிள்ளி ரத்தம் கசிந்தது. அப்பனுக்காகப் பதினைந்து நாளாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். நாளைக்கு அதே வாயோடு நாமக்கல்லுக்குப் போய்விடுவாள்.

"இருந்துச்சு" என்றேன். "எம் பெட்டியில இருந்துச்சு. வாங்கி வச்சவனும் இவந்தான், எடுத்துக் குடிச்சவனும் இவந்தான். ஞாயித்துக்கெழம தோறும். பிள்ளை அதப் பாத்துதான் எடுத்திருக்கா. இந்தப் பையன் ஒண்ணும் செய்யல."

பொன்னுலிங்கம் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பெரிய மனிதர்களிடம் பேசுகிற தமிழில் பேசினான்.

"அம்மாவுக்கு எழுபத்தாறு வயசாகுது டாக்டர். கொஞ்ச நாளா ஞாபகம் தப்புது. எங்கப்பா குடிச்சதையெல்லாம் நான் குடிச்சதா நினைச்சுக் குழப்பிக்கிறாங்க. வீட்டுல இப்பல்லாம் இது சகஜம். நாங்க பெரிசா எடுத்துக்கிறதில்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வயசான பொம்பளை என்கிற இரக்கம் வந்து போனது. நான் பார்த்தேன்.

"ஆச்சி ஒண்ணும் கொழப்பிக்கிடல."

நித்திலா. தலை நிமிரவில்லை, ஆனால் குரல் நடுங்கவில்லை. "ஆச்சிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். நான் சொன்னதத்தான் ஆச்சி சொல்லுதாங்க. அப்பா குடிக்கதப் பாத்துதான் நான் குடிச்சேன். அத்தான அடிச்சப்பவே அது எந்தப் பாட்டில்னு அப்பாவுக்குத் தெரியும். வாடை அதே வாடைதான."

பொன்னுலிங்கம் எழுந்தான். நித்தி என்று ஒரு சத்தம் போட்டான். பிள்ளை அந்தச் சத்தத்துக்கு உடம்பைக் குறுக்கினாள். அந்தக் குறுக்கலை அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

வடிவு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா டாக்டர். எனக்கும் தெரியும்" என்றாள். பதினைந்து வருஷத்தில் புருஷன் முன்னால் அவள் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தது இன்றைக்குத்தான். "இவ ஹாஸ்டலுக்குப் போவ மாட்டா. போனா நானும் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான். தோள் இரண்டும் தொங்கிப்போய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

டாக்டரம்மா நித்திலாவிடம் கடைசியாக ஒன்று கேட்டார். இனி பயம் வந்தால் யாரிடம் போவாய் என்று. பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இசக்கி அத்தைகிட்ட" என்றாள்.

இசக்கி அப்போதுதான் அழுதாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். வடிவு தையல் கிளாசுக்குப் போகவில்லை. ஹாஸ்டலுக்குக் கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். ஹால் கேமராவின் வயரைச் சமையல் கத்தரியால் அவளே வெட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

புதன்தோறும் வடிவு பிள்ளையை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறாள். பொன்னுலிங்கமும் அதே ஆஸ்பத்திரியில் தனக்கு மருந்து எடுக்க ஆரம்பித்திருக்கிறான். கை நடுக்கம் காய்ச்சல் இல்லை, ராத்திரியிலும் யாருக்கும் தெரியாமல் குடித்து வந்தான், அதை விட்டதால் வந்தது என்று டாக்டர் சொன்னாராம். வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டைக்குத் தனியாகப் போய்க் கபிலேஷிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். வாசலிலேயே நின்றானாம். பையன்தான் உள்ளே வாங்க மாமா என்றானாம். நயினார் காபி கொடுத்தாராம்.

இன்று மத்தியானம் அவன் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பசிக்குதாட்டி என்றான். இல்லப்பா என்றாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனான். ஆனால் பிள்ளை எழுந்து ஓடவில்லை. அதை எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் இசக்கி போனில், "அவனே ஒத்துக்கிட்டாம்லா, நீயும் மனசுல வைக்காதம்மா" என்றாள்.

யாரை நான் மனசில் வைத்திருக்கிறேன்? நயினாரை விட்டுவிட்டேன். சுடலைமணி மேல் பழி போட்டேன், அவர் வந்தால் நல்ல சாப்பாடு போட்டுச் சரிக்கட்டிக்கொள்வேன். வடிவு பயந்தவள், பயந்தவளிடம் என்ன வர்மம். பார்வதிகூட நேற்று வந்து, ஊருக்கெல்லாம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அழுதாள். போகட்டும். என் புருஷனை மன்னித்து வெகு காலம் ஆகிறது. அந்த ஆள் நடுத்தெருவில் குடித்தார், நடுத்தெருவில் விழுந்தார், குடித்தேன் என்று தன் வாயால் சொல்லிச் செத்தார். தான் குடித்ததற்கு இன்னொருத்தர் பெற்ற பிள்ளையை அடிக்கவில்லை. அதை மூடுவதற்கு, பெற்றவளைப் புத்தி பேதலித்தவள் என்று அசலார் முன்னால் சொல்லவில்லை.

இதைச் செய்தவனுக்கு நாளைக்கும் சோறு போடுவேன். மாத்திரை போட்டாயா என்று கேட்பேன். அவன் குணமாக வேண்டும் என்று செந்தூருக்கு நேர்ந்திருக்கிறேன். அதெல்லாம் வேறு. இது வேறு. மன்னிக்க மாட்டேன். எனக்கு ஒன்றும் மறக்காது. அவன் பெயர் பொன்னுலிங்கம்.